வளைவில் இறங்கும் முள்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

அண்ணி கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். போனில் கேட்கலாம்தான். ஆனால் எங்கள் சமையலறைக்கும் ஷெட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தகரக் கதவு. நான் இங்கே ஹலோ என்றால் அங்கிருந்து உங்கள் அண்ணன் "யாரு?" என்பார். இது அவருக்குத் தெரியாமல் கேட்க வேண்டிய விஷயம்.

வாண்டு இந்த வருஷம் நேர்ப்பாதைப் பந்தயத்தை விட்டு வளைவுகள் உள்ள சுற்றுப் பாதைக்குப் போகிறாள். (பத்தொன்பது வயதாகிறது, இன்னும் என்ன வாண்டு என்று அவள் கத்துகிறாள். கத்தட்டும்.) கார் அதேதான். என்ஜின் நீங்கள் கட்டிக் கொடுத்ததுதான். பிரேக், டயர் எல்லாம் மாற்றியாயிற்று. என்ஜினுக்குள் எண்ணெய் ஓடுகிற ஏற்பாட்டில்தான் இழுபறி. சாப்பாட்டு மேஜையில் இரண்டு கம்பெனிப் புத்தகங்கள் கிடக்கின்றன. ஒன்றில், என்ஜின் அடியில் எண்ணெய் தேங்குகிற இப்போதைய ஆயில் சம்ப்பை அப்படியே வைத்துக்கொண்டு இன்னும் பெரிய வாக்குவம் பம்ப். மற்றதில் டிரை சம்ப். எண்ணெய்க்கு வெளியே தனி டேங்க், பக்கத்தில் நீளமாக ஒரு பம்ப். உங்கள் அண்ணன் முதல் புத்தகத்தைத்தான் எடுத்து எடுத்துப் பார்க்கிறார். மற்றதன் மேல் காப்பிக் கோப்பையை வைக்கிறார்.

எனக்கு என்ஜின் தெரியாது. நான் சீட் தைக்கிறவள். ஆனால் போன வாரம் ஒத்திகை ஓட்டம் முடிந்து அவள் சீட்டைப் பிரித்தேன். இடது விலா படுகிற இடத்துப் பஞ்சு மட்டும் செத்துக் கிடந்தது. வலப்பக்கம் திரும்புகிற நீள வளைவில் அவள் உடம்பு முழுக்க அந்தப் பக்கம் போய் அழுந்துகிறது. எலும்பும் சதையுமாக இருக்கிற பெண்ணே இப்படிச் சாய்ந்தால், எண்ணெய் சும்மா இருக்குமா?

எதைப் போடலாம், சொல்லுங்கள். கஸ்டமரிடம் பேசுவதுபோல் வேண்டாம். அவளுடைய சித்தப்பாவாகச் சொல்லுங்கள். பதிலை நான் நூல் வாங்குகிற கடை முகவரிக்குப் போடுங்கள், பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கடைக்கார அம்மா எடுத்து வைப்பாள்.

அண்ணி


பிப்ரவரி 12

அண்ணி,

சிரிக்கவில்லை. பஞ்சு செத்த கதையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

அந்த என்ஜினை நான் நேராக ஓடுவதற்குக் கட்டினேன். நேர் ஓட்டம் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். எண்ணெய் என்ஜினுக்கு அடியில் சம்ப்பிலேயே கிடக்கும். அதை உறிஞ்சுகிற குழாயும் அங்கேயே இருக்கும். பிஸ்டன் ஓரமாகக் கசிந்து கீழே இறங்குகிற புகையை வாக்குவம் பம்ப் வெளியே இழுத்துவிடும். உள்ளே காற்றழுத்தம் குறைந்தால் பிஸ்டன் ரிங் நன்றாக ஒட்டும், சக்தி கூடும். அந்த வேலைக்கு அது போதும். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் போடுவேன்.

வளைவு வேறு சமாச்சாரம். நீள வளைவில் எண்ணெய் மொத்தமும் ஒரு சுவரில் ஏறி நின்றுவிடும். குழாய் காற்றைக் குடிக்கும். சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங்குக்கு எண்ணெய் போகாது. அதிலும் பம்ப் உள்ளிருந்து பலமாக இழுத்துக்கொண்டிருந்தால், குழாய் எண்ணெயை உறிஞ்சுவதே கஷ்டம். பேரிங் சூடேறிப் பிடித்துக்கொண்டால் பிஸ்டனைப் பிடித்திருக்கிற கனெக்டிங் ராட் உடைந்து என்ஜின் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். மிச்சத்தை எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

டிரை சம்ப் போடுங்கள். எண்ணெய் எந்த மூலைக்கு ஓடினாலும் பம்ப் அதைத் துரத்தி எடுத்து டேங்குக்கு அனுப்பிவிடும். டேங்க் உயரமானது, அதன் அடியிலிருந்து பேரிங்குக்கு எப்போதும் எண்ணெய் கிடைக்கும். அந்த இழுப்பிலேயே வாக்குவமும் வந்துவிடும், தனியாக ஒன்று வேண்டாம். கொஞ்சம் எடை கூடும், டேங்குக்கு இடம் வெட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இதை அண்ணனிடமும் போனில் சொன்னேன். "ம்" என்றார். அவருடைய "ம்" உங்களுக்குத் தெரியாததா? நான் ஷெட்டை விட்டு வந்த அன்றும், எல்லார் முன்னாலும் "உன் என்ஜின் பத்திரமா வீடு வந்து சேரும்டா, ஜெயிச்சுட்டு வராது" என்று சொல்லிவிட்டு, நான் பையைத் தூக்கியதும் இதே "ம்"தான்.

வாண்டிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். கேட்டதாக மட்டும் சொல்லுங்கள், மற்றதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்.

தம்பி


மார்ச் 1

நீங்கள் எனக்கு எழுதியது ஒன்று. அண்ணனிடம் சொன்னது இன்னொன்று.

நேற்று சாப்பிடும்போது வாயைத் திறந்து கேட்டேவிட்டேன். "டிரை சம்ப் போடாம ஏன் இதையே கட்டிட்டு அழறீங்க?" என்றேன். அவர் சிரித்தார். "உன் அருமைக் கொழுந்தன்தான் பம்ப் போதும்னு சொல்லிட்டானே. சம்ப்புக்குள்ள வைக்கத் தடுப்புத் தகடும் அவனே செஞ்சு அனுப்பறான்" என்றார். நான் நம்பவில்லை. இன்று பார்சல் வந்தது. முகவரி உங்கள் கையெழுத்து. உள்ளே தகடுகள், துணியில் சுற்றி, ஒவ்வொன்றாக.

எனக்குப் பயம் காட்ட ஒரு பேச்சு, அவரைச் சமாதானப்படுத்த ஒரு பேச்சா? ரெண்டு பக்கமும் நல்லவராக இருக்க உங்களுக்கு எங்கிருந்து வந்தது ஆசை? நான் உங்களை அப்படி நினைக்கவில்லை. உங்கள் கல்யாணப் பேச்சு முறிந்தபோது உங்கள் பக்கம் நின்றவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. ஆனால் எழுதிவிட்டேன், அந்த வரியை அடிக்கப் போவதில்லை.

பெரிய பாதையில் வாண்டின் முதல் பந்தயம் இந்த மாதம்.


மார்ச் 9

அண்ணி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். எனக்கும் கோபம் வரும் என்பதை இந்த வீடு எப்போதும் மறந்துவிடுகிறது.

டிரை சம்ப் வேண்டாம் என்றது யார்? நீங்கள்தானே? அண்ணன் போன் போட்டு என்ன சொன்னார் தெரியுமா? "உங்க அண்ணி ஒத்துக்கலடா. கொதிக்கிற எண்ணெய் டேங்க்கை பொண்ணு சீட்டுக்குப் பின்னால வச்சா அவ கார்லயே ஏறக்கூடாதுன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. அவ அழறத என்னால பாக்க முடியல. இருக்கறத வச்சு ஏதாவது பண்ணிக் குடு" என்றார். என்னிடம் ரகசியமாக யோசனை கேட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்றதும் அண்ணன் வாயால் மறுக்கிறீர்களே என்று எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் தாய் பயப்படுகிறாள் என்றால் நான் என்ன செய்வேன்? அதனால்தான் தகடு செய்தேன். எண்ணெய் ஒரேயடியாக ஒரு பக்கம் ஓடாமல் இருக்க, ஒரு பக்கம் மட்டுமே திறக்கிற சின்னக் கதவுகள் வைத்தேன்.

அதையும் சும்மா அனுப்பவில்லை. சின்னப் பாதையில் மட்டும் ஓட்டணும், நீள வளைவு இருக்கிற பெரிய பாதைக்கு இது ஆகாது என்று சொன்னேன். வாக்குவம் அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு வால்வு இருக்கிறது. அதன் ஸ்பிரிங்கை இளக்கமாக வைத்து நட்டைப் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். முறுக்கினால் இன்னும் கொஞ்சம் சக்தி கிடைக்கும், எண்ணெய் கிடைக்காது. அதைத் தொடக்கூடாது என்றும் சொன்னேன். "சரிடா, சரிடா" என்றார்.

நீங்கள் பெரிய பாதை என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. உங்களுக்குப் போட்டேன், அவர் எடுத்தார், வைத்துவிட்டார். இந்தக் கடிதம் கிடைத்ததும், என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், அவளை அங்கே ஓட்ட விடாதீர்கள்.

தம்பி


மார்ச் 24

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முழங்காலில் அட்டை வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

உங்கள் கடிதம் நூல் கடையில் கிடந்திருக்கிறது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. அவளுக்குப் புது சீட் தைத்துக்கொண்டிருந்தேன், இடப்பக்கம் பஞ்சைக் கூட்டி. விஷயம் கேள்விப்பட்டுக் கடைக்கார அம்மா பார்க்க வந்தாள். அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். ஆபரேஷன் அறைக்கு வெளியில் நின்று படித்தேன்.

டேங்க் வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. "அந்த டேங்க் எங்க உக்காரும்?" என்று ஒரு தரம் கேட்டேன். சீட்டை அதற்கேற்ற மாதிரி வெட்ட வேண்டுமே என்று கேட்டேன். அவ்வளவுதான். அதிலிருந்து அவர் எனக்கு அழுகை, ஒத்தக்கால், எல்லாம் வைத்துத் தைத்திருக்கிறார். நீங்கள் அதை வாங்கிக்கொண்டீர்கள். ஒரு வரி, தம்பி. "அண்ணி, நிஜமாவா சொன்னீங்க?" என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம். என்னை அப்படி ஒரு அழுமூஞ்சியாகத்தான் நீங்களும் நினைத்து வைத்திருந்தீர்கள்.

நடந்ததைக் கேளுங்கள். ஷெட்டில் வேலை செய்கிற ஆள் ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் சொன்னது. நீள வளைவுக்குள் போகும்போது வாண்டு, "அப்பா, ஆயில் பிரஷர் முள்ளு இறங்குது" என்றாள். இவர், "வளைவுல இறங்கும், நேரானா ஏறிடும். ஓட்டு" என்றார். அடுத்த சுற்றிலும் சொன்னாள். "லைட் எரியுதுப்பா." இவர், "நீ முன்னால பாரு. நாலாவது இடத்துல இருக்க. ஓட்டு" என்றார். அதற்கடுத்த சுற்றில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வளைவிலேயே என்ஜின் பக்கவாட்டில் கிழிந்து, எண்ணெய் அவள் பின் டயர் மேலேயே கொட்டியது. கார் தானாகச் சுற்றிப் போய்ச் சுவரில் இடித்தது. முன்பக்கம் நசுங்கி உள்ளே வந்துவிட்டது.

வலது கால் கணுக்கால். எலும்பு என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்றார் டாக்டர். கம்பியும் திருகும் வைத்து ஏதோ உருவம் கொண்டுவந்திருக்கிறார்கள். விலா எலும்பு ஒன்றுகூட உடையவில்லை. நான் தைத்த பக்கம்.


ஏப்ரல் 2

அண்ணி,

வந்தேன். உங்களுக்குத் தெரியும். வார்டு வாசலில் நின்றேன், நீங்கள் போர்வையை மடித்துக்கொண்டே இருந்தீர்கள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தீர்கள். வாண்டு தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள், சின்ன வயதில் பாலுக்குப் பயந்து மூடுவாளே, அதே மாதிரி. நான் திரும்பிவிட்டேன்.

பிறகு ஷெட்டுக்குப் போனேன். அண்ணன் தடுக்கவில்லை. என்ஜினை இறக்கிப் பிரித்தேன். நான் வைத்த தகடுகள் அப்படியே இருக்கின்றன. வால்வு அப்படியே இல்லை. பூட்டு நட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங்கை அடிவரை முறுக்கியிருக்கிறார்கள். பேரிங் ஓடுகள் இரண்டு, கருகி, கிராங்க் தண்டோடு ஒட்டிப்போயிருந்தன. அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் வால்வைக் கையில் எடுத்துக் காட்டினேன். "நல்லா இழுத்துச்சுடா. நேர் ரோட்ல யாராலயும் அவளைப் புடிக்க முடியல" என்றார். பெருமையாகத்தான் சொன்னார் அண்ணி. சொல்லிவிட்டு அப்புறம் அழுதார். இரண்டும் நிஜம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பந்தய சங்கத்தில் விசாரணை வைக்கிறார்கள். அண்ணன் அங்கே, "என்ஜின் என் தம்பி கட்டினது, அவன் சொன்ன மாதிரிதான் ஓட்டினோம்" என்று சொல்லியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உள்ளதைச் சொன்னால் அவருடைய டீம் போகும். டீம் போனால் ஷெட்டுக்கு வேலை வராது, நீங்கள் சாப்பிடுவது அதில்தான். சொல்லாவிட்டால், இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளையை வைத்தும் அவர் இதையே செய்வார்.

நான் என்ன செய்யட்டும்? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 15

நான் சொல்கிறபடியா?

இவ்வளவு நாளும் நான் சொல்லாததையெல்லாம் நான் சொன்னதாகச் சொல்லி ஆளாளுக்குக் காரியம் நடத்தினீர்கள். இப்போது நிஜமாகவே ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்றதும் பொட்டலம் கட்டி என் மடியில் வைக்கிறீர்கள். நான் "சொல்லுங்க" என்றால் புருஷனைக் காட்டிக்கொடுத்தவள். "சொல்லாதீங்க" என்றால் பெற்ற பெண்ணை விற்றவள். எதைச் சொன்னாலும் உங்களுக்கு நிம்மதி. அண்ணி சொன்னாள், நான் செய்தேன்.

வேண்டாம். உங்கள் நாக்கு, உங்கள் கை. நீங்களே பாருங்கள்.

வாண்டிடம் உண்மையைச் சொன்னேன். வால்வை முறுக்கியது யார், டேங்க் வேண்டாம் என்று கதை கட்டியது யார், எல்லாம். அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, "அப்பாவ உனக்கு எப்பவுமே புடிக்காதும்மா" என்றாள். அவர் தினமும் வந்து அவள் கால் விரல்களைப் பிடித்துவிடுகிறார். ஜோக் அடிக்கிறார். அவள் சிரிக்கிறாள். நான் சூப் கிண்ணத்தோடு நிற்கிறேன்.


மே 11

அண்ணி,

சொல்லிவிட்டேன்.

நீள மேஜை, மூன்று பேர், நடுவில் தண்ணீர் ஜாடி. வால்வைப் பற்றிச் சொன்னேன், ஹெட்செட் பேச்சைப் பற்றிச் சொன்னேன். அண்ணன் எதிரே உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். ஒருத்தர் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு டிரை சம்ப் வேணும்னு தெரியும். பின்ன எதுக்குத் தகடு செஞ்சு அனுப்பினீங்க?" என்று கேட்டார். "அண்ணி பயப்படறாங்கன்னு அண்ணன் சொன்னாரு" என்றேன். "நீங்க அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றார். உங்கள் கேள்விதான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலிருந்து நீங்கள் கேட்டதே. "இல்ல" என்றேன்.

அண்ணனுக்கு இனி டீம் வைக்க அனுமதி இல்லை. சுற்றுப் பாதைக்கு என்ஜின் கட்ட எனக்கும் இல்லை. நியாயம்தான். வெளியே வந்ததும் அண்ணன் என் தோளில் கை வைத்தார். ஏதோ நல்லதாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், அவ்வளவு முட்டாள் நான். "இனிமே எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல. பாத்துப் போ, படி வழுக்கும்" என்றார்.

இங்கே இப்போது தோட்டத்து மோட்டார், தண்ணீர் பம்ப், இப்படித்தான் வேலை.

தம்பி


ஜூன் 20

தம்பி,

நீங்கள் செய்தது சரி. அதற்காக என்னை நன்றி சொல்லச் சொல்லாதீர்கள். அவர் காரை விற்றுவிட்டார், ஷெட்டைப் பூட்டிவிட்டார். பகல் முழுக்க வீட்டுக்குள் இருக்கிறார், தண்ணீர் வேண்டுமென்றால் கோப்பையை மேஜையில் தட்டுகிறார். நான் வெளி ஆட்களுக்கு சோபா உறை தைத்துத் தள்ளுகிறேன். ஒரே வீட்டில் இருவரும் ஒருவரையொருவர் ஒதுங்கி நடக்கப் பழகிவிட்டோம்.

எழுதுவது வேறு விஷயத்துக்காக. வாண்டு ஊன்றுகோலோடு நடக்கிறாள். முந்தாநாள் அப்பாவிடம் ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் டிவி சத்தத்தைக் கூட்டியது மட்டும் கேட்டது. மறுநாள் காலையில் அவள் அறையில் பை இல்லை, அவளும் இல்லை. போன் எடுக்கவில்லை. அங்கே வந்தாளா?

வந்திருந்தால் திட்டாதீர்கள். அனுப்பிவிடவும் வேண்டாம். நான் வருகிறேன்.

அண்ணி


ஜூன் 27

அண்ணி,

வந்தாள். போய்விட்டாள். நீங்கள் கிளம்ப வேண்டாம்.

மத்தியானம் டாக்சியில் வந்து இறங்கினாள். டாக்சியைப் போகச் சொல்லவில்லை, நிற்கச் சொன்னாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காராமல் ஊன்றுகோலைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு, "டிரை சம்ப்னா என்ன, காட்டுங்க சித்தப்பா" என்றாள். மூலையில் பழைய பம்ப் ஒன்று கிடந்தது. எடுத்துவந்து பிரித்துக் காட்டினேன். எண்ணெய் எந்தப் பக்கம் வரும், எந்தப் பக்கம் போகும், எல்லாம். நல்ல கேள்விகளாகக் கேட்டாள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கடைசியில், "அப்போ வளைவுல முள்ளு இறங்கினா, உள்ள எண்ணெய் இல்லன்னு அர்த்தம். அது ஏறுற வரைக்கும் காத்திருக்கக்கூடாது. அப்பவே ஆஃப் பண்ணணும். அப்படித்தானே?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

"இது உங்களுக்கு பிப்ரவரிலயே தெரியும். அம்மாவுக்கு நீங்க எழுதிட்டீங்க. அப்பாவுக்கு போன்ல சொல்லிட்டீங்க. ஓட்டினவ நான். எங்கிட்ட யார் சொன்னீங்க?"

"நீ பயந்துடுவேன்னு..." என்று இழுத்தேன்.

"பயந்திருப்பேன்" என்றாள். "பயந்திருந்தா நிறுத்தியிருப்பேன்."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும். "அப்பா ஓட்டுன்னாரு. அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியாதவ வேற என்ன பண்ணுவா? இதையேதான் அப்பாகிட்ட கேட்டேன். டிவிய சத்தமா வச்சாரு. ஆஸ்பத்திரில அம்மா எல்லாம் சொன்னாங்க, யார் தப்பு, யார் பொய்னு. அப்பவும் எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்னு அவங்களுக்குத் தோணல. அதான் அன்னைக்குச் சுவத்தைப் பாத்துப் படுத்தேன்" என்றாள்.

அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டதாக நீங்கள் எழுதியதற்கு அவளிடம் வேறு அர்த்தம் இருந்திருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் மறுபடி அதே வேலையைத்தான் செய்கிறேன்.

எங்கே போகிறாய் என்று கேட்டேன். வேலை கிடைத்திருக்கிறது என்றாள். என்ன வேலை, எந்த ஊர், சொல்லவில்லை. "தேட வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க. நானே பேசுவேன், எப்பன்னு தெரியாது" என்றாள். கையில் இருந்த பணத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

வாசலில் சரளைக் கல். ஊன்றுகோல் வழுக்கிவிடுமே என்று முன்னால் ஓடிப்போய் டாக்சிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் தாண்டி, காரைச் சுற்றிக்கொண்டு மெதுவாக நடந்துபோய், அந்தப் பக்கத்துக் கதவைத் தானே திறந்து ஏறிக்கொண்டாள்.